பாராட்டும் பரிசும் பழக்கமும்

"அடியாத மாடு படியாது" என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வரும் பழமொழி. மாட்டுக்காகச் சொல்லப்பட்ட இம்மொழியை மக்கட் செல்வத்திற்கும் உரியதாக்கிக்கொண்டோர் பலர். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிரம்பு மறைந்து பல்லாண்டுகள் ஆயின. பள்ளிகளில் மாணவரை உடலால் வருத்துதலும் உள்ளத்தால் துன்புறுத்துதலும் கூடா என்று 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் விதித்துள்ளது. எனினும், பிரம்பு விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப எது வந்தது என்று கேட்டால், சில இல்லங்களில் கடுஞ்சொல்லும் ஏளனமும் வந்தன என்றும், வேறு சில இல்லங்களில் "இதைச் செய், அதை வாங்கித் தருகிறேன்" என்னும் பேரம் வந்தது என்றுமே சொல்ல வேண்டியுள்ளது. இவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டா? நற்செயலைக் கண்டவிடத்து அதனைப் போற்றி வளர்க்கும் முறை எத்தகையது? அதன் ஆற்றல் எவ்வளவு? அதன் எல்லை எது? இவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

இவ்வினாக்கள் பெற்றோர் அனைவர்க்கும் பொதுவே. ஆயினும், பிறந்த ஊரை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழ்க்கை நடத்தும் நமக்கு அவை சற்றுக் கூடுதலாகவே உரியவை. ஊரில் வளரும் குழந்தைக்குத் தெருவும் கடையும் கோயிலும் பள்ளியும் கூடி நின்று கற்பிக்கும் பழக்கங்களை, இங்கே வீடு ஒன்றே தனித்து நின்று கற்பிக்க வேண்டியுள்ளது. அப்பழக்கங்களுள் தலையாயது மொழி. தாய் தமிழில் கேட்க, மகன் இந்தியிலோ மராத்தியிலோ விடையிறுக்கும் காட்சி நம் இல்லங்களில் அரியதன்று. அவனைத் தமிழ் பேசச் செய்ய நாம் மேற்கொள்ளும் முறை பொருத்தமாக அமைந்தால், ஊரிலிருக்கும் பாட்டியோடு உரையாடும் பேறு அவனுக்கு வாய்க்கும். பொருந்தா முறையாக அமையின், இருவருக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் நாள் வந்து சேரும்.

விளைவே ஆசிரியன்

செயலை அதன் விளைவு எவ்வாறு வளர்க்கிறது என்பதை முறையாகச் சோதித்தறிந்தோருள் முன்னோடி எட்வர்டு தார்ண்டைக் என்னும் அமெரிக்க உளநூலார். இவர் காலம் 1874 முதல் 1949 வரை. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, 1898-ஆம் ஆண்டில், பசித்த பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்துச் சோதித்தார். பெட்டிக்கு வெளியே உணவு இருக்கும். உள்ளே உள்ள கயிற்று வளையத்தை இழுத்தாலோ மிதிகட்டையை அழுத்தினாலோ கதவு திறந்துகொள்ளும். பூனை முதலில் கத்தும், சுரண்டும், கம்பிகளைக் கடிக்கும், இவ்வாறு மனம்போனபடி செய்கையில் ஒருமுறை தற்செயலாகக் கயிறு இழுபடும், கதவு திறக்கும், உணவு கிட்டும். மீண்டும் அடைத்தால், பயனற்ற செயல்கள் சிறிது சிறிதாகக் குறைந்து, கயிற்றை இழுப்பதற்கு ஆகும் நேரமும் குறைந்துகொண்டே வரும். இன்பமான விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழ முற்படுகிறது என்ற இவ்வுண்மைக்குத் தார்ண்டைக் "விளைவு விதி" என்று பெயரிட்டார்.

அவ்விதியின் முதல் வடிவத்தில் மற்றொரு பாதியும் இருந்தது. துன்பமான விளைவைத் தரும் செயல் அதே அளவிற்கு வலிமை இழக்கும் என்று அவர் தொடக்கத்தில் கருதினார். பிற்காலத்தில், 1930-களில், மனிதரை வைத்துத் தாம் நடத்திய சோதனைகளின் பயனாக அப்பாதியைத் தாமே திருத்திக்கொண்டார். பரிசு ஒரு செயலை வலுப்படுத்தும் அளவிற்குத் தண்டனை அதனை நலிவிப்பதில்லை என்பது அவர் கண்ட முடிவு. இஃது எண்ணிப் பார்க்கத்தக்கது. தண்டனை "இதைச் செய்யாதே" என்று மட்டும் சொல்கிறது. எதைச் செய்யவேண்டும் என்று அது சொல்வதில்லை. அடி வாங்கிய சிறுவன், தவறு செய்யக் கூடாது என்பதைக் கற்பதற்கு முன்பே, அப்பா இருக்கும்போது செய்யக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்கிறான்.

தார்ண்டைக்குக்குப் பின் இத்துறையை விரிவாக்கியவர் பி. எஃப். ஸ்கின்னர் (1904–1990). ஒரு செயலைத் தொடர்ந்து வரும் விளைவால் அச்செயல் மிகுமாயின், அவ்விளைவினை "வலுவூட்டி" என்று அவர் வழியினர் வழங்குவர். ஒன்றைப் பரிசு என்று கருதிக் கொடுப்பவர் நாம். அது வலுவூட்டியா என்பதைக் காட்டுவதோ குழந்தையின் நடத்தை. நாம் பெரிதாக எண்ணிக் கொடுத்த பேனா பயனற்றுப் போதலும் உண்டு. நாம் தண்டனையென்று எண்ணிச் சொல்லும் வசை வலுவூட்டியாக மாறுதலும் உண்டு. நாள் முழுதும் தாய் தந்தையர் இருவரும் அலுவலகம் சென்று திரும்பும் வீட்டில், ஒழுங்காக இருக்கும்போது ஒருவரும் திரும்பிப் பாராத குழந்தை, தம்பியைக் கிள்ளியவுடன் இருவரும் ஓடி வருவதைக் காண்கிறது. வந்தவர் வைதாலும் அது கவனிப்பே அன்றோ? கிள்ளுதல் வளர்கிறது.

சிறு படிகள்

1943-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலம். மின்னியாபொலிஸ் நகரத்து மாவாலை ஒன்றின் மேல்மாடியில் ஸ்கின்னரும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு புறாவிற்கு மரப்பந்தை அலகால் தட்டி உருட்டக் கற்பிக்க முனைந்தனர். பந்தை வைத்துவிட்டுப் புறா தட்டட்டும், பிறகு தானியம் இடுவோம் என்று காத்திருந்தனர். ஒன்றும் நிகழவில்லை. காத்திருந்து சலித்தபின் முறையை மாற்றினர். புறா பந்தைப் பார்த்த அளவிலேயே தானியம் இட்டனர். பின்னர்ப் பந்தின் பக்கம் தலை அசைந்தால் இட்டனர். பின்னர் அலகு பந்தைத் தொட்டால் மட்டும் இட்டனர். சில நிமிடங்களுக்குள் புறா பந்தை அடித்துப் பெட்டியின் சுவர்களில் மோதச் செய்தது.

நிறைவான செயல் வரட்டும், அப்போது பாராட்டுவோம் என்று காத்திருப்போர் பெரும்பாலும் காத்துக்கொண்டேயிருப்பர். முழுமைக்குப் பரிசு வைத்தால் முதல் அடியே எடுத்து வைக்கப்படுவதில்லை. "வகுப்பில் முதலாவதாக வந்தால் சைக்கிள்" என்னும் உறுதிமொழி நம் வீடுகளில் ஜூன் மாதத்தில் கொடுக்கப்படுகிறது. அது நிறைவேற வேண்டிய நாள் மார்ச்சிலோ ஏப்ரலிலோ வருகிறது. ஏழு வயதுக் குழந்தைக்குப் பத்து மாதம் என்பது எட்டாத தொலைவு. இன்று மாலை, சொல்லாமலே புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த பத்து நிமிடத்தை இன்று மாலையே கண்டு, கண்டதைச் சொல்லுவதே பயன் தரும். செயலுக்கும் விளைவுக்கும் இடையே உள்ள நேரம் நீள நீள, அவ்விளைவின் வலிமை குன்றுகிறது என்பது இத்துறையில் பலமுறை மெய்ப்பிக்கப்பட்ட செய்தி.

ஒரு முறை இரங்கினால்

எலிகளை வைத்துச் சோதனை செய்த தொடக்க நாள்களில் ஸ்கின்னர் தீனி உருண்டைகளைத் தம் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை, இருப்பு தீர்ந்துவிடும் போலிருந்தது. ஆகவே ஒவ்வோர் அழுத்தலுக்கும் உருண்டை தருவதை நிறுத்தி, நிமிடத்திற்கு ஒன்றே தர முடிவு செய்தார். எலிகள் நெம்பியை அழுத்துவதை விட்டுவிடவில்லை. சிக்கனத்திற்காகச் செய்த இம்மாற்றம் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கு வழி திறந்தது. எப்போதும் கிடைக்கும் பரிசு நின்றால் செயலும் விரைவில் நின்றுவிடும். எப்போதேனும் ஒருமுறை கிடைக்கும் பரிசால் வளர்ந்த செயலோ, பரிசு நின்ற பின்னும் நெடுநேரம் நீடிக்கும் என்பது அதன் பயனாகத் தெளிந்தது. 1957-இல் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து ஸ்கின்னர் வெளியிட்ட பெருநூல் இதனை விரிவாக எடுத்துரைக்கின்றது. குதிரைப் பந்தயமும் சூதாட்டமும் மனிதரைப் பற்றிக்கொண்டு விடாமைக்கும் இதுவே ஒரு காரணம்.

இதனால் நமக்குக் கிடைக்கும் படிப்பினைகள் இரண்டு. புதிய பழக்கம் முளைவிடும்போது ஒவ்வொரு முறையும் பாராட்டுக. அது வேரூன்றியபின் இடைவெளி விட்டுப் பாராட்டுக. இது முதலாவது. வேண்டாத பழக்கத்திற்கு ஒன்பது முறை இணங்க மறுத்துப் பத்தாம் முறை இணங்கினால், அப்பழக்கத்தை இரும்பாக்குகிறோம். இது இரண்டாவது.

1959-இல் கார்ல் வில்லியம்ஸ் என்பவர் வெளியிட்ட குறிப்பொன்று இதற்குச் சான்று. 21 மாதக் குழந்தை ஒன்று, படுக்கையில் விட்டுவிட்டு வெளியே வரும் பெற்றோரை விடாது அழுது திரும்ப வரவழைத்து வந்தது. குழந்தைக்கு உடற்குறை எதுவும் இல்லையென்று உறுதிசெய்துகொண்ட பின்னர், அமைதியாகப் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிச் செல்லாதிருப்பது என்று முடிவாயிற்று. முதல் இரவு குழந்தை 45 நிமிடம் அழுதது. நாளடைவில் அழுகை குறைந்து, பத்தாம் முறை பெற்றோர் வெளியேறுகையில் சிரித்தது. ஒரு வாரம் சென்றது. ஓரிரவு அத்தை முறையினர் ஒருவர் குழந்தையைப் படுக்க வைத்தார். அது சற்றுச் சிணுங்கியது. அவர் மனம் பொறாமல் திரும்பிச் சென்றார். பழைய அழுகை முழு வலிமையுடன் மீண்டது. மறுபடியும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று.

சிசுவை அழவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. பசியாலும் நோயாலும் அச்சத்தாலும் அழும் குழந்தையை எடுத்து அணைத்தலே முறை. இங்கே நாம் கொள்ளத்தக்கது வேறு. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போதும், ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் நம்மிடம் வந்து தங்கும்போதும், குழந்தையைச் சூழ்ந்து பல கைகள் உள்ளன. பெற்றோர் வகுத்த ஒழுங்கு அந்தப் பத்து நாளில் குலைவது இயல்பு. பெரியவர்களைக் குறை கூறுவதனால் பயனில்லை. என்ன செய்து வருகிறோம், ஏன் செய்கிறோம் என்பதை முன்னரே அவர்களிடம் மதிப்போடு சொல்லி, "நீங்களும் இப்படிச் செய்தால் பிள்ளைக்கு நல்லது" என்று அவர்களையும் உடன் சேர்த்துக்கொள்வதே தக்கது.

உதய்ப்பூரில் ஒரு கிலோ பருப்பு

பரிசின் ஆற்றல் விலங்குகளோடும் குழந்தைகளோடும் முடிவதன்று. இராஜஸ்தான் மாநிலத்து உதய்ப்பூர் மாவட்டத்தில், குழந்தைகளுக்குத் தடுப்பூசி இலவசமாகவே கிடைத்தும், எல்லாத் தவணைகளையும் முடித்த குழந்தைகள் மிகச் சிலராகவே இருந்தனர். அரசினர் நலவாழ்வு நிலையங்கள் பல நாள் பூட்டிக் கிடந்தமையும் ஒரு காரணம். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் சேவா மந்திர் என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு 134 சிற்றூர்களில் ஓர் ஆய்வு நடத்தி, 2010-இல் வெளியிட்டனர். சில ஊர்களில் மாதந்தோறும் குறித்த நாளில் தவறாது தடுப்பூசி முகாம் கூட்டினர். வேறு சில ஊர்களில் முகாமுடன், ஒவ்வோர் ஊசிக்கும் 1 கிலோ பருப்பும், தவணைகள் அனைத்தும் முடிந்தபின் உணவுத் தட்டுகளும் வழங்கினர். ஏனைய ஊர்களில் புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

ஒன்றும் செய்யாத ஊர்களில் எல்லாத் தவணைகளும் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 6 பேர். தவறாத முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18 பேர். முகாமும் பருப்பும் சேர்ந்த ஊர்களில் 39 பேர். பருப்பிற்குச் செலவாயிற்றே என்று கருத வேண்டா. முகாமிற்கு வந்த மருத்துவப் பணியாளர் வெறுமனே காத்திராமல் பலருக்கு ஊசியிட முடிந்தமையால், ஒரு குழந்தைக்கு ஆன மொத்தச் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஏழ்மையைப் போக்கும் வழிகளைச் சோதனை முறையால் ஆராய்ந்தமைக்காகப் பானர்ஜியும் டூஃப்லோவும் மைக்கேல் கிரெமரும் 2019-ஆம் ஆண்டின் பொருளியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அத்தாய்மார் தடுப்பூசியை வெறுத்தவர்களென்றால், ஒரு கிலோ பருப்புக்காகத் தம் குழந்தையின் கையை நீட்டியிருப்பார்களா? நல்லது என்று ஏற்றிருந்தும், இன்றைய கூலியை இழந்து நெடுந்தொலைவு நடக்க இயலாமல் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று தள்ளிப் போட்டவர்கள் பலராக இருந்திருத்தல் கூடும். பல்லாண்டு கழித்து வரும் நன்மைக்கும் இன்றைய தொல்லைக்கும் இடையே பருப்பு ஒரு சிறு பாலமாயிற்று. மற்றொன்றும் நோக்குக: முகாம் தவறாமல் நடந்ததனாலேயே 6 என்பது 18 ஆயிற்று. வசதியைச் செய்து தராமல் பரிசை மட்டும் காட்டுதல், ஏணியில்லாமல் பரண்மேல் பண்டம் வைப்பது போன்றது.

பரிசு கெடுக்கும் இடம்

இனி மறுபக்கத்தைக் காண்போம். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தனர். வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுடைய குழந்தைகளைத் தேர்ந்து மூன்று குழுவாக்கினர். வரைந்தால் பொன்னிற நட்சத்திரமும் நாடாவும் கொண்ட பாராட்டுச் சீட்டு உண்டு என்று ஒரு குழுவிற்கு முன்னரே அறிவித்தனர். மற்றொரு குழுவிற்கு அறிவிப்பின்றி, வரைந்து முடித்தபின் அதே சீட்டை வழங்கினர். மூன்றாம் குழுவிற்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் சென்றபின், பரிசுப் பேச்சே இல்லாத விளையாட்டு நேரத்தில் யார் விரும்பி வரைகின்றனர் என்று மறைந்திருந்து நோக்கினர். பரிசு உண்டு என்று முன்னரே அறிந்து வரைந்த குழந்தைகள், மற்ற இரு குழுவினர் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். விளையாட்டாயிருந்தது கூலி வேலையாயிற்று. கூலி நின்றதும் வேலையும் தளர்ந்தது.

1999-இல் டெசி முதலிய மூவர் இத்தகைய 128 ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்து, முன்கூட்டிப் பேசி வைத்த பொருட்பரிசு, விருப்பத்தோடு செய்யும் செயல்களில் அவ்விருப்பத்தைக் குறைக்கிறது என்று முடிவு கூறினர். சுவையற்ற வேலைகளில் அத்தகைய கேடு காணப்படவில்லை. ஆகவே, பல் துலக்குதல், பையை அடுக்கி வைத்தல் முதலியவற்றிற்கு நட்சத்திரம் ஒட்டுவதனால் இழப்பொன்றுமில்லை. கதைப் புத்தகத்தைத் தானே எடுத்துப் படிக்கும் குழந்தைக்குப் பக்கத்திற்கு ஒரு ரூபாய் என்று கணக்கு வைத்தலோ, விளையும் பயிரில் வெந்நீர் ஊற்றுதலாகும்.

பரிசு எதற்கு என்பதிலும் விழிப்பு வேண்டும். 1902-இல், வியத்நாம் நாட்டு ஹனோய் நகரில், கொள்ளை நோயைப் பரப்பும் எலிகளை ஒழிக்கப் பிரெஞ்சு ஆட்சியினர் எலி வால் ஒன்றுக்கு ஒரு காசு என்று அறிவித்தனர். வால்கள் குவிந்தன. பின்னர் நகரத்தில் வாலற்ற எலிகள் உயிரோடு திரிவதைக் கண்டனர். வாலுக்காகவே சிலர் எலி வளர்ப்பதும் தெரிய வந்தது. வேண்டியது எலியில்லாத நகரம். விலை வைத்ததோ வாலுக்கு. மதிப்பெண்ணுக்கு விலை வைக்கும் வீட்டில் கல்வி வளரும் என்பதற்கு உறுதியில்லை. மதிப்பெண் வரும் என்பதே உறுதி.

பாராட்டுச் சொல்லிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. 1998-இல் முல்லர், டுவெக் என்னும் இருவர் ஐந்தாம் வகுப்பு மாணவர்க்குச் சில புதிர்களைக் கொடுத்து, விடை கண்டபின் சிலரை "நீ அறிவாளி" என்றும், சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினர். அதன்பின் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோல்வியுறச் செய்து, இறுதியில் முதலிற் கொடுத்தவை போன்ற எளிய புதிர்களைக் கொடுத்தனர். அறிவுக்குப் பாராட்டப் பெற்றோர் முன்னிலும் குறைவாகச் செய்தனர். உழைப்புக்குப் பாராட்டப் பெற்றோர் முன்னிலும் மிகுதியாகச் செய்தனர். "அறிவாளி" என்ற பட்டத்தைச் சுமப்பவனுக்குத் தோல்வி, பட்டம் பறிபோவதாகத் தோன்றுகிறது. உழைத்தான் என்று கேட்டவனுக்கோ இன்னும் உழைக்க இடமிருக்கிறது.

நம் வீட்டுத் தமிழ்

இவற்றையெல்லாம் நாம் முதலில் எடுத்துக்கொண்ட வினாவிற்குப் பொருத்திப் பார்ப்போம். தமிழ் புரிந்தும் பேசாத எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். அவள் தமிழில் பேச முயன்றபோதெல்லாம் என்ன விளைவு ஏற்பட்டது? "அக்கா வந்தான்" என்றாள், அண்ணன் கைகொட்டினான். "வாழைப்பழம்" என்பது "வாலப்பலம்" ஆயிற்று. விடுமுறையில் ஊர்க் கூடத்தில் மாமாவும் சித்தியும் அதையே மீண்டும் மீண்டும் சொல்லச் சொல்லி மகிழ்ந்தனர். அவர்கள் நெஞ்சில் அன்பே இருந்தது. ஆனால், சிறுமி கண்ட விளைவு சிரிப்பு. இந்தியில் பேசியபோதோ கேட்டது உடனே கிடைத்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. தார்ண்டைக்கின் பூனை எவ்வழியே வெளியேறியதோ, அவ்வழியே அவளும் வெளியேறினாள். அவளுக்குத் தமிழ்ப்பற்று இல்லை என்று நொந்துகொள்வது பொருந்துமா?

எனவே முதற்கண் செய்ய வேண்டுவது ஏளனத்தை நிறுத்துதல். பிழையைத் திருத்த வேண்டுமெனில், "ஆமாம், அக்கா வந்தாள், கூட யார் வந்தார்கள்?" என்று சரியான வடிவத்தை நம் வாயால் சொல்லி உரையாடலைத் தொடர்க. அவள் சொன்னது புரிந்தது என்பதும், அதற்கு மறுமொழி கிடைத்தது என்பதும் பேச்சிற்கு இயற்கையான வலுவூட்டிகளாகும்.

இரண்டாவது, படியைச் சிறிதாக்குதல். முழு வாக்கியம் வரட்டும் என்று நில்லாமல், இந்தி வாக்கியத்தின் நடுவே ஒரு தமிழ்ச் சொல் வந்தாலும் அதனைப் பற்றிக்கொள்க. "தண்ணி" என்ற ஒரு சொல்லுக்குத் தண்ணீரும் புன்முறுவலும் விரைந்து வரட்டும். அடுத்த மாதம் இரு சொற்கள். பின்னர் இரவு உணவின்போது பத்து நிமிடம். தமிழில் கேட்டால்தான் சோறு என்னும் விதியை மட்டும் வகுத்தலாகாது. உணவும் உறக்கமும் தாயின் மடியும் குழந்தைக்கு உரிமைகள். உரிமையைப் பரிசாக்கினால் மொழி பகையாகிவிடும்.

மூன்றாவது, பொருட்பரிசை அளவோடு வைத்தல். எழுத்துப் பயிற்சி சுவையற்ற வேலை. அதற்கு நட்சத்திரம் ஒட்டலாம், சில வாரங்களில் அதனையும் மெல்லக் குறைக்கலாம். பேச்சிற்குக் காசு கொடுத்தலோ கூடாது. தமிழ் பேசினால் ஐந்து ரூபாய் என்ற வீட்டில், ஐந்து ரூபாய் பெரிதாகத் தோன்றாத வயது வரும்போது தமிழும் சிறிதாகத் தோன்றும். அதற்கு மாறாக, தமிழால் மட்டுமே கிடைக்கும் இன்பங்களைப் பெருக்குதல் நன்று. பாட்டி தொலைபேசியில் நாள்தோறும் சொல்லும் தொடர்கதையை, விறுவிறுப்பான இடத்தில் நிறுத்தி "மிச்சம் நாளைக்குச் சொல்றேன் கண்ணு, அந்த நரி என்ன பண்ணும்னு நீ யோசிச்சுச் சொல்லு" என்று கேட்டால், சிறுமி விடை சொல்லியே தீர்வாள். அண்டை வீட்டுத் தமிழ்க் குழந்தைகளோடு ஞாயிறு மாலை விளையாட்டு, அம்மாவோடு சேர்ந்து கொழுக்கட்டை பிடிக்கும்போது நடக்கும் பேச்சு, கையெழுத்திட்டு அனுப்பிய கடிதத்திற்குத் தாத்தாவிடமிருந்து வரும் மறுமொழி ஆகியவையும் இவ்வினத்தன.

நான்காவது, சூழ்ந்துள்ள மொழியைப் பழிக்காதிருத்தல். பள்ளித் தோழியரோடு அவள் இந்தியிலோ வங்காளியிலோ மகிழ்ந்து பேசுவதும் ஓர் ஆற்றலே. அதற்கும் பாராட்டு உரியது. ஒன்றைத் தண்டித்து மற்றொன்றை வளர்க்க வேண்டியதில்லை; இரண்டிற்கும் அவள் உள்ளத்தில் இடமுண்டு.

பாராட்டும் சொற்களையும் எண்ணி வழங்குவோம். "பலே, பலே" என்று எதற்கும் எப்போதும் சொல்லுவதினும், "இன்று பாட்டியிடம் பள்ளியில் நடந்ததை முழுவதும் தமிழிலேயே சொன்னாய், பாட்டிக்கு எல்லாம் புரிந்தது" என்று நடந்ததை நடந்தவாறு எடுத்துரைப்பது நன்று. பொய்ப் பாராட்டைக் குழந்தைகள் விரைவில் இனங்கண்டுகொள்வர்.

நேயர்கள் இம்முறையை ஆராய விரும்பினால் ஒரு வாரம் ஒன்றை மட்டும் செய்து பார்க்கலாம். குழந்தையின் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றின் பின்னும் வீட்டார் என்ன செய்கிறார்கள் என்பதை ஒரு தாளில் குறித்து வருக. சிரித்தவர் எத்தனை முறை, திருத்தியவர் எத்தனை முறை, கேளாதவர்போல் இருந்தவர் எத்தனை முறை, மகிழ்ந்து மறுமொழி கூறியவர் எத்தனை முறை என்று கணக்கிடுக. வார இறுதியில் அத்தாளை வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்து, கடைசி எண்ணைப் பெருக்கும் வழியை அடுத்த வாரத்திற்கு வகுத்துக்கொள்க. குழந்தையிடம் மாற்றத்தை எதிர்பார்ப்பதற்கு முன் நம்மிடம் செய்ய வேண்டிய மாற்றம் எது என்பது அத்தாளிலேயே எழுதப்பட்டிருக்கும்.